அத்தைக்கு விரல் தெரிய வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று க்ளினிக்கில் ஒரு பூனை நான் ரசீது போடும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. மிருக டாக்டரும் நானும் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சினோம். வீட்டுக்கு வந்தால் இங்கேயும் எல்லாரும் தரையில்தான். டிவிக்குப் பின்னால் இவர் தலை; சோபாவுக்கு அடியில் ஏதோ ஒயரைப் பிடித்தபடி அத்தையின் கை.

குருவியின் முதல் நாள் ஆயிற்றே.

நாத்தனார் இன்றிலிருந்து மாலைச் செய்தியில் வருகிறாள். செய்தி வாசிப்பவர் வாசிப்பதையெல்லாம் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று சைகை மொழியில் சொல்லும் வேலை. அத்தைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர் பெற்ற இரண்டும், இவரும் நாத்தனாரும், வாய் பேசுவதற்கு முன்பே கை பேசியவை. மகளுக்கு அவர் வைத்த கைப்பெயர், இரண்டு விரலால் கன்னத்தைக் கொத்துவது. பார்க்கக் குருவி கொத்துவது போலவே இருக்கும். அதனால் வாயால் கூப்பிடும்போதும் அவள் குருவிதான்.

எங்கள் டிவியில் இன்டர்நெட் வழியாக அந்தச் சேனல் வரும். ஆனால் அதில் குருவியின் கட்டம் இல்லை. கட்டத்தோடு போகும் ஒளிபரப்பு காற்றில் மட்டும்தான். ஆன்டெனா வைத்துப் பிடித்தால் இலவசம். இவர் அலுவலக நண்பரிடமிருந்து ஒரு பழைய குச்சி ஆன்டெனா வாங்கி வந்திருந்தார். செய்தி தொடங்கியது. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒரு நொடி குருவியின் முகம் தெரிந்தது. மணிக்கட்டுக்குக் கீழே சதுரங்கப் பலகை.

"முகம் தெரியுதும்மா! முகம் தெரியுது!" என்று இவர் கையையும் வாயையும் சேர்த்து ஆட்டிக் குதித்தார்.

அத்தை திரும்பிப் பார்த்துக் கையால் கேட்டார். "முகத்தை நான் பெத்தப்பவே பாத்துட்டேன். விரல் எங்கே?"

மார்ச் 4, புதன்

அதே குச்சி. அதே சதுரங்கம்.

மார்ச் 7, சனி

கடைக்குப் போனோம். அத்தையும் நானும். இவர் வந்தால் முதலில் கண்ணில் படுவதை வாங்கிவிடுவார் என்று அத்தை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

ஆன்டெனாவில் இத்தனை ரகமா? தாள் போலத் தட்டையாக, மீன் முள் போல, வட்டமாக. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு குடும்பம் டிவியைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறது. அத்தை அந்தப் பற்களைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில்; மாடி அறைதான் பட்டறை. "இதுல ஒண்ணுகூட சொந்தப் பல்லு இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெட்டிகளைக் கீழே வைத்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் என்னைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். "அம்மாவுக்கு எது வேணும்னு கேளுங்க." அத்தை கண்ணாடி மேசையை இரண்டு தட்டு தட்டினார். அவர் திரும்பினார். அதற்கப்புறம் கடைசிவரை அத்தையைப் பார்த்தேதான் பேசினார். கோபமே இல்லாமல் இதை எப்படிச் செய்கிறார்? நானாக இருந்தால் வாதாடி, அழுது, வெளியே வந்திருப்பேன்.

ஒளிபரப்பு டவர் எங்கே என்று அத்தை கேட்கச் சொன்னார். கடைக்காரர் தன் போனில் வரைபடம் காட்டினார். டவர் மேட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் மேட்டின் அடிவாரம்.

"அதனால என்னங்க, இதுல பூஸ்டர் இருக்கு. சிக்னல் கம்மியா வந்தாலும் தூக்கிக் கொடுத்துடும்."

நான் மொழிபெயர்த்தேன். 'தூக்கி' என்பதற்கு மூட்டை தூக்குவது போலக் காட்டிவிட்டேன் போல. அத்தை சிரித்தார். பிறகு கேட்டார்: "எதைத் தூக்கும்? நல்லதை மட்டுமா, வர்றது எல்லாத்தையுமா?"

கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, "எல்லாத்தையும்தாம்மா" என்றார்.

அத்தை அதை மனசுக்குள் போட்டுக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. பூஸ்டர் வைத்த தட்டை ஆன்டெனா ஒன்றோடு வந்தோம். சரிப்படாவிட்டால் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 9, திங்கள்

பரவாயில்லை. கட்டங்கள் குறைந்துவிட்டன. குருவி நீலச் சட்டை போட்டிருந்தாள் என்று முதல் முறையாகத் தெரிந்தது. எனக்கும் இவருக்கும் திருப்தி. "இது போதும்மா, சூப்பரா இருக்கு."

அத்தை எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மனசு ஒடிந்துவிட்டதோ என்று பின்னாலேயே ஓடினேன். பட்டறையில் பல் செதுக்கும்போது நெற்றியில் கட்டும் விளக்கை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து ரிமோட்டைப் பிடுங்கி, எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு மெனு மூலைக்குள் போனார். அங்கே இரண்டு கோடுகள். ஒன்று சிக்னலின் வலிமை, இன்னொன்று தரம். வலிமைக் கோடு கரைபுரண்டு ஓடியது. தரக்கோடு பாதியில் நொண்டியது.

"சூப்பர்னு சொன்னீங்களே. இப்போ அவ சொன்ன கடைசி சேதி என்ன?"

ஏதோ பாலம் என்றார் இவர். பள்ளிக்கூடம் என்றேன் நான். இருவருமே காதால் கேட்டதை வைத்துத்தான் சொன்னோம், அதிலும் ஆளுக்கொன்று.

மார்ச் 11, புதன்

பெட்டியில் இன்னும் பெரிய சிரிப்பு போட்ட, இன்னும் பெரிய பூஸ்டர். இவருடைய யோசனை. மாட்டினோம். வலிமைக் கோடு கடைசிவரை போய் முட்டி நின்றது. படம் மொத்தமாகப் பல் இளித்துவிட்டது. முன்பு வந்த சேனல்கூட இல்லை.

இவர் பாவம், ரொம்ப வாடிப்போனார். அத்தைதான் தட்டிக்கொடுத்தார். அப்போது சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"சின்ன வயசுல எனக்குக் காதுல ஒரு மெஷின் மாட்டினாங்க. சத்தம் பெருசாச்சு. நாற்காலி இழுக்குறது, கதவு சாத்துறது, எல்லாம் ஒண்ணா மண்டைக்குள்ள வந்து விழுந்துச்சு. எங்கம்மா ஆசையா வாயையே பாத்துட்டு நின்னாங்க. சத்தம்தான் வந்துச்சு, பேச்சு வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவருக்கே இது புதுக்கதை.

மார்ச் 13, வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மத்தியானம் இவரும் நானும் அரை நாள் விடுப்பில் வந்தோம். அத்தை பூஸ்டரையே கழற்றிப் போட்டிருந்தார். வெறும் ஆன்டெனா, அதில் நீளமான கேபிள். "முதல்ல எங்கே நல்லா கிடைக்குதுன்னு பாப்போம். அப்புறம் தூக்குறதைப் பத்திப் பேசலாம்" என்றார். ஆன்டெனாவைத் தட்டு ஏந்துவது போல ஏந்திக்கொண்டு அறை அறையாக நடக்க ஆரம்பித்தார்.

கோட்டைப் பார்க்க டிவி முன்னால் ஆள் வேண்டும், அது இவர். அத்தை மாடியில். இவர் கத்தினால் அத்தைக்குக் கேட்காது. அதனால் படிக்கட்டின் நடுவில் நான். இவர் "ஏறுது! ஏறுது!" என்று கத்துவார், நான் கையால் மேலே அனுப்புவேன். இடையில் "ஐயோ, பால் பொங்குது!" என்று கத்தினார். நான் அதையும் அனுப்பினேன். அத்தை ஆன்டெனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஆன்டெனாவுலயா பால் பொங்குது?" என்று கேட்டார். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படுக்கையறையில் ஒன்றுமில்லை. பட்டறையில் கொஞ்சம். குளியலறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியபோது இவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தரக்கோடு எகிறிவிட்டது! பூஸ்டரே இல்லாமல்!

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஒரு சந்து மாதிரி வானம் தெரிகிறது. அந்த வழியாகத்தான் வருகிறது போலிருக்கிறது, எங்கேயோ இருக்கும் டவரிலிருந்து. யாரும் அனுமதி கேட்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல், எந்நேரமும் இந்த ஜன்னலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் அங்கே நான் துண்டு உலர்த்தினேன்.

மார்ச் 15, ஞாயிறு

குருவி வந்தாள். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. கதவைத் திறந்ததுமே முகம் சரியில்லை.

பார்ப்பவர்களிடமிருந்து ஸ்டேஷனுக்குப் புகார் வந்திருக்கிறதாம். காது கேளாதவர்களே எழுதியிருக்கிறார்கள்: 'கை புரியவில்லை.' தயாரிப்பாளர் கூப்பிட்டு, "நீங்க வேகமா பண்றீங்க, கொஞ்சம் நிதானமா பண்ணுங்க" என்றிருக்கிறார். நிதானமாகச் செய்தால் வாசிப்பவர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். இவள் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறாள். மறுபடியும் புகார். இன்னும் சோதனைக் காலம்தான். இந்த மாதம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம்.

"எனக்கு எங்கே தப்புன்னே தெரியல அண்ணி. ஸ்டூடியோவுல எதிர்ல இருக்கற திரையில பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்புறம் அத்தைப் பக்கம் திரும்பிக் கையால் கேட்டாள்: "நீ பாத்துச் சொல்லும்மா. உனக்குப் புரியலேன்னா நான் விட்டுடறேன்."

தோழி ஒருத்தி டிவியைப் போனில் பிடித்து அனுப்பியதைக் காட்டினாள். அந்தச் சின்னத் திரையின் மூலையில் இன்னும் சின்னக் கட்டம். அத்தை கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார். "எறும்பு ஸ்வெட்டர் பின்னுற மாதிரி இருக்கு."

ஒரு நாள் ஸ்டேஷனுக்கே கூட்டிப்போய்க் காட்டலாமே என்றார் இவர். அத்தை மறுத்துவிட்டார். "அங்கே போய் பாத்தா அங்கே தெரியறதுதான் தெரியும். எழுதிப் போட்டவங்க வீட்டுல உக்காந்து பாக்குறாங்க. நானும் வீட்டுல உக்காந்துதான் பாக்கணும்."

குருவி போகும்போது அத்தை தன் கன்னத்தில் இரண்டு கொத்து கொத்தினார். ஆறுதல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 'நீ நல்லாத்தான் பண்றே' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இரவுச் சமையலின்போது புரிந்தது. பார்க்காததைச் சொல்ல அவருக்கு வாய் வராது. கை வராது.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி கடை. இந்த முறை அத்தை கையோடு ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தார்: மேடு, தொட்டி, சந்து, எங்கள் கூரை, டிவி இருக்கும் அறை.

கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அம்மா, இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் உங்களுக்கு அந்தத் தட்டையைக் கொடுத்தே இருக்க மாட்டேனே!" உள்ளே போய் மீன் முள் மாதிரி நீளமான ஒன்றை எடுத்து வந்தார். ஒரே திசையைத்தான் பார்க்குமாம். "உங்க சந்தைப் பாத்து நீட்டி விட்டுட்டா, அக்கம்பக்கம் திரும்பாது."

பூஸ்டர் வேண்டுமா வேண்டாமா? வேண்டாம் என்றே சொல்வார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் படத்தின் மேல் குனிந்து வெகு நேரம் பேசினார்கள். என் கை ஓய்ந்துவிட்டது. சாரம் இதுதான். கூரையில் நல்ல சிக்னல் கிடைத்தாலும் கீழே டிவிக்கு வர நீளமான கேபிள். வருகிற வழியிலேயே கரைந்து போகும். கரைந்த பிறகு டிவிக்குப் பின்னால் பூஸ்டரை வைத்தால், மிச்சத்தையும் குப்பையையும் சேர்த்துத்தான் தூக்கும். அதனால் பூஸ்டர் மேலேயே, கம்பத்தில், ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரொம்பப் பெரிதாகவும் வேண்டாம். வழியில் கரைவதை ஈடுகட்டினால் போதும்.

"கெடுறதுக்கு முன்னாடி தூக்கணும்" என்றார் அத்தை.

"அதேதான்மா!" கடைக்காரர் மேசையைத் தட்டினார், இரண்டு தட்டு, அத்தை தட்டியது போலவே. தெரிந்து செய்தாரா என்று தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

மழை. கூரையில் ஏற ஆள் வரவில்லை. குருவி இன்று எப்படிச் செய்தாளோ.

மார்ச் 21, சனி

ஏணிக்காரர் காலையிலேயே வந்துவிட்டார். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாத ஆள். கம்பத்தை நட்டு, ஆன்டெனாவை மாட்டி, கைக்கு அடக்கமான ஒரு பூஸ்டர் டப்பியை அதன் கழுத்தடியில் கட்டினார். அதற்குக் கரண்ட்டும் அதே கேபிள் வழியாகவே கீழிருந்து ஏறுமாம்.

அத்தையும் கூரையில். "வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை. அத்தை உதட்டைப் படித்துவிட்டார்! ஏணிக்காரரின் பல்லைச் சுட்டி, "கீழ்வரிசை, இடப்பக்கம் கடைசிக்கு முன்னாடி. அது கட்டின பல்லு. அளவு சரியில்ல, சாப்பிடும்போது வலிக்குமே?" என்றார். நான் சொன்னேன். ஏணிக்காரர் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டார். "அம்மா... எப்படிம்மா?" அதற்கப்புறம் அத்தை காட்டிய பக்கமெல்லாம் ஆன்டெனா திரும்பியது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு மயிரிழை அந்தப் பக்கம்.

மாலைச் செய்தி.

எப்படி எழுதுவது? கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி. குருவியின் நகம் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் பேப்பர் கிழித்த சின்னக் காயம், அதில் ஒட்டிய பிளாஸ்திரி தெரிந்தது. அவள் 'வெள்ளம்' என்று காட்டியபோது பத்து விரலும் தனித்தனியாக அலையடித்தன. நான் இவ்வளவு நாள் சைகை மொழியைப் படித்தேன், எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி. இன்றுதான் அது அழகு என்று கண்ணில் பட்டது. நம் குருவியா இது! இந்தச் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவளா?

அத்தை அழவில்லை. சிரிக்கவும் இல்லை. கண் கொட்டாமல் பார்த்தார். முடிந்ததும், "நாளைக்கு லீவு. திங்கக்கிழமை மறுபடி பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 25, புதன்

மூன்று நாளாக அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இல்லையோ? எனக்கு எல்லாமே நன்றாக இருக்கிறது. என் கருத்துக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பும் கிடையாது.

இன்று செய்தி நடுவில் திடீரென்று எழுந்தார். டிவிக்குப் பக்கத்தில் போய், குருவியின் கட்டத்துக்கு அடியில் விரலை வைத்தார்.

அங்கே ஓடும் எழுத்து வரி. தலைப்புச் செய்திகள் வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டே இருக்குமே, அது. குருவியின் கட்டத்தின் அடிப்பகுதியை அது மூடிக்கொண்டு போகிறது. நெஞ்சுக்குக் கீழே கை இறங்கும்போதெல்லாம் அந்த வரிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. 'வேலை' பாதி. 'குழந்தை' இல்லவே இல்லை. 'இன்று' என்பது எங்கேயோ போய்விட்டது.

"அவ வேகமா பண்ணல. மெதுவாவும் பண்ணல. அவ சொல்லுறதை வழியில யாரோ தின்னுடறாங்க."

ஸ்டூடியோவில் குருவி பார்க்கும் திரையில் அந்த வரி கிடையாது. அது கடைசியில்தான் சேர்க்கப்படுகிறது. அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டம் கட்டமாக உடைந்த படத்தில் எங்களுக்குத்தான் எப்படித் தெரிந்திருக்கும்? எங்கே பார்த்தாலும் ஓட்டையாக இருந்தால் எது ஓட்டை என்று யார் சொல்வது?

உடனே குருவிக்கு வீடியோ அழைப்பு. அத்தையின் கைகள் இப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடு, கையை எடு, முகம் தெரியவில்லை என்று அத்தை போனைத் தட்டுகிறார்.

மார்ச் 27, வெள்ளி

தயாரிப்பாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். "அந்த வரி எப்பவும் அங்கதானே ஓடுது." குருவி சண்டை போடவில்லை. அவரை உட்காரவைத்து, ஒளிபரப்பான பதிவைச் சத்தமில்லாமல் போட்டு, "இதுல நான் சொல்றதைப் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அப்புறம் கையோடு ஒவ்வொரு மறைவையும் நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறாள். மனிதர் எழுந்துபோய்க் கட்டத்தை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்.

யார் பெற்ற பிள்ளை!

மார்ச் 30, திங்கள்

கட்டம் மேலே ஏறிவிட்டது. கொஞ்சம் பெரிதாகவும் ஆகியிருக்கிறது. அத்தை சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், "அந்தச் சொல்லுக்கு அவ வலது கையைக் கொஞ்சம் சோம்பேறியா விடுறா" என்றார்.

அப்பாடா. இப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

குருவிக்கு வேலை நிரந்தரம். க்ளினிக்கில் இருக்கும்போது செய்தி வந்தது. என்னையறியாமல் போட்ட கூச்சலில் ஊசி போட வந்த முயல் மயங்கிவிடும் போலிருந்தது. டாக்டர் முறைத்தார்.

ஏப்ரல் 22, புதன்

க்ளினிக்கில் வேலை முடிய நேரமாகிவிட்டது. வீடு திரும்பும்போது வாசலிலிருந்தே ஈரம். கூடத்தில், சமையலறையில், படிக்கட்டில்கூட வாளிகள், குடங்கள், பானைகள். பட்டறையில் அச்சுமாவு கரைக்கும் கிண்ணங்கள் வரை எல்லாவற்றிலும் தண்ணீர். அத்தை குழாயடியில் நின்று கடைசிப் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"நாளையிலேருந்து ரெண்டு நாள் தண்ணி வராது. பெரிய குழாய் மாத்துறாங்க. மாலைச் செய்தியில குருவி சொன்னா."

எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது, போனை நாள் முழுக்கக் கையிலேயே வைத்திருப்பவர். இந்த வீட்டில் ஒரு செய்தி வந்தால், முதலில் எங்கள் இரண்டு பேர் காதில் விழும். நாங்கள் பேசி முடித்து, சிரித்து முடித்து, யாருக்காவது ஞாபகம் வந்தால் அத்தைக்குச் சுருக்கமாக ஒரு வரி போகும். சில நாள் 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்று மட்டும் போகும். நானே எத்தனையோ முறை அனுப்பியிருக்கிறேன்.

இன்று அவர் எங்களுக்குச் சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். கையில் அவரும் ஒரு குடம். "உங்க மாமியார் வந்து குழாயைக் காட்டி, கையை இப்படி இப்படி ஆட்டி, என்னை விரட்டி விரட்டி நிரப்ப வெச்சாங்க. என்ன விஷயம்?"

"ரெண்டு நாளைக்குத் தண்ணி வராதாம்."

"அப்படியா! அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நியூஸ்ல கேட்டாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. திருத்தவில்லை. அத்தை காலி வாளி ஒன்றை என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.